தனித்து நிற்கும் உலோக அணு: சியோலைற்றும் ஊக்கிகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – தரம் 11
தொடர்புடைய அலகுகள்: இரசாயனத் தாக்க வீதம், இரசாயனப் பிணைப்பு, ஐதரோகாபன்கள்



"ஊக்கி என்றால் என்ன?" என்ற வினாவுக்கு விடை எழுதாத மாணவர் குறைவு. ஆனால் அவ்விடைகளில் அடிக்கடி காணப்படும் ஒரு வாக்கியம் உண்டு: "ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றாமல் தாக்க வீதத்தை மாற்றும்." இந்த வாக்கியத்தின் பின்பாதி சரி. முன்பாதி பிழை. ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றுகிறது. தாக்கிகளோடு பிணைப்பை ஏற்படுத்துகிறது, பின்னர் அப்பிணைப்பை விடுவிக்கிறது, இறுதியில் பழைய நிலைக்கே திரும்பி வருகிறது. செலவாகாமல் இருப்பது வேறு, பங்குபற்றாமல் இருப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதாலேயே புள்ளிகள் இழக்கப்படுகின்றன.

ஊக்கி எவ்வாறு பங்குபற்றுகிறது என்பதைத் தெளிவாகக் காண்பதற்கு ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. சியோலைற்று எனும் துளையுள்ள கனியத்தினுள் ஒரேயொரு உலோக அணு தனித்து நின்று ஐதரோகாபன் மூலக்கூறுகளை மாற்றியமைப்பதே அது. இது உங்கள் பாடத்திட்டத்துக்குச் சற்று வெளியே உள்ள விடயம். எனினும் பாடத்திட்டத்தில் உள்ள மூன்று அலகுகளை ஒன்றாக மீட்டிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

1. நமது ஸ்டோரில் நடப்பது என்ன?

பூனாகலை, கொஸ்லாந்தை, ஹல்தும்முல்லைப் பக்கத்து மாணவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் வாசனையை விளக்கத் தேவையில்லை. ஸ்டோரில் வாட்டிய கொழுந்தை ரோலரில் இட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை வெவ்வேறாக இருந்த கற்றேக்கின்கள் எனும் சேர்வைகளும் ஒரு நொதியமும் கலக்கின்றன. வளியில் உள்ள ஒட்சிசன் அங்கே சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாக மாறுகிறது. இதனை 'நொதித்தல்' என்று வழக்கத்தில் சொன்னாலும் உண்மையில் இது நுண்ணங்கிகளால் நிகழும் நொதித்தல் அன்று. இது ஓர் ஒட்சியேற்றம்.

இங்கு கவனிக்க வேண்டியது அந்த நொதியத்தின் அமைப்பாகும். பொலிபீனோல் ஒட்சிடேசு எனப்படும் அது ஒரு பெரிய புரதம். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட அந்தப் புரதத்தில் ஒட்சிசனைப் பிடித்து வேலை செய்யும் இடம் மிகச் சிறியது. அவ்விடத்தில் இரண்டு செம்பு அணுக்கள் இருக்கின்றன. மற்றெல்லாம் அந்தச் செம்பு அணுக்களை உரிய இடத்தில், உரிய இடைவெளியில் பிடித்து வைத்திருக்கும் சட்டகமே எனலாம்.

இன்னோர் உதாரணத்தை ஆய்வுகூடத்தில் நீங்களே செய்திருப்பீர்கள். ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலில் ஒரு துண்டு ஈரலையோ பச்சை உருளைக்கிழங்கையோ இட்டால் வாயுக்குமிழிகள் வேகமாக வெளியேறும். தணற்குச்சியைப் பிடித்தால் அது சுவாலையுடன் எரியும். அங்கு வேலை செய்வது கற்றலேசு எனும் நொதியம். அதன் உயிர்ப்பான இடம் ஒவ்வொன்றிலும் ஒரேயொரு இரும்பு அணுவே உண்டு.

ஆகவே உலோக அணுக்களைத் தனித்தனியே ஒரு குழிக்குள் வைத்து வேலை வாங்கும் முறையை இயற்கை மிகப் பழைய காலத்திலேயே கைக்கொண்டுவிட்டது. ஆனால் நொதியத்துக்கு ஒரு குறை உண்டு. ஸ்டோரில் உருட்டிய தேயிலை ட்ரையரின் சூடான காற்றுக்குள் போனதும் நொதியம் செயலிழக்கிறது, நிறமாற்றமும் நின்றுவிடுகிறது. தேயிலைக்கு அது நல்லது. பல நூறு பாகை வெப்பநிலையில் இயங்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது உதவாது. அங்கே உலோக அணுவைப் பிடித்து வைக்கப் புரதம் போதாது; கல் வேண்டும்.

2. ஏன் தனி அணு? ஒரு சிறு கணக்கு

திண்ம ஊக்கியொன்றில் தாக்கம் நிகழ்வது அதன் மேற்பரப்பில் ஆகும். உள்ளே புதைந்திருக்கும் அணுக்களைத் தாக்கிகளால் தொட முடியாது. துண்டமாக இடுவதைவிடத் தூளாக இட்டால் தாக்க வீதம் கூடும் என்று நீங்கள் படித்திருப்பதற்குக் காரணமும் இதுவே.

உலோகத் துணிக்கை ஒன்று சதுரமுகி வடிவில் அடுக்கப்பட்ட கட்டைகளால் ஆனது எனவும் ஒவ்வொரு கட்டையும் ஓர் அணு எனவும் கொள்வோம். ஒரு பக்கத்தில் 100 கட்டைகள் இருந்தால் மொத்தம் 100 × 100 × 100 = 1 000 000. வெளித்தெரியாத உட்கட்டைகள் 98 × 98 × 98 = 941 192. மேற்பரப்பில் உள்ளவை 58 808 மாத்திரமே. அதாவது நூற்றுக்கு ஆறு அணுக்கள்கூட வேலை செய்வதில்லை. ஒரு பக்கத்தில் 10 கட்டைகள் எனின் மொத்தம் 1000, உள்ளே 512, மேற்பரப்பில் 488. இப்போது ஏறத்தாழ அரைவாசி வேலை செய்கிறது. ஒரு பக்கத்தில் 3 எனின் 27 இல் 26. ஒரேயொரு கட்டை எனின்? நூற்றுக்கு நூறு.

பிளாற்றினம், உரோடியம், இரிடியம் போன்றவை பூமியில் மிக அரிதாகக் கிடைக்கும் விலையுயர்ந்த உலோகங்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கைச் சும்மா உள்ளே பூட்டி வைப்பது வீண்செலவு அல்லவா? எமது நாட்டில் 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் பெற்றோலின் தரத்தை உயர்த்தும் பகுதியில் பிளாற்றினம் அடங்கிய ஊக்கியே பயன்படுத்தப்படுகிறது. அவ்வகை ஊக்கிகளில் பிளாற்றினம் கட்டியாக இருப்பதில்லை. அலுமினிய ஒட்சைட்டின் மேல் மிக நுண்ணிய துணிக்கைகளாகத் தூவப்பட்டிருக்கும். சிக்கனம் கருதியே அவ்வாறு செய்யப்படுகிறது. அந்தச் சிக்கனத்தின் கடைசி எல்லைதான் தனி அணு.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. உலோக அணுக்கள் தனித்திருக்க விரும்புவதில்லை. வெப்பமேற்றும்போது அவை மேற்பரப்பில் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாகிவிடும். மழைக்காலத்தில் தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் நிற்கும் சிறு நீர்த்துளிகள் சேர்ந்து பெரிய துளியாவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அவ்வாறுதான். ஆகவே அணுவைத் தனியே வைத்தால் மட்டும் போதாது, நகரவிடாமல் பிடித்தும் வைக்க வேண்டும்.

3. சியோலைற்று: கல்லுக்குள் காம்பராக்கள்

1756 இல் சுவீடன் நாட்டுக் கனியவியலாளரான குரொன்ஸ்ரெட் ஒரு கனியத்தை வெப்பமேற்றியபோது அது கொதிப்பதைப் போல நீராவியை வெளிவிடுவதைக் கண்டார். கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும்படி அதற்குச் சியோலைற்று எனப் பெயரிட்டார். கல் கொதிக்கவில்லை, அதன் துளைகளுக்குள் இருந்த நீரே வெளியேறியது.

சியோலைற்றின் சட்டகம் சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகிய மூன்று மூலகங்களால் ஆனது. ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் சுற்றி நான்கு ஒட்சிசன் அணுக்கள் நான்முகி வடிவில் அமையும். ஒவ்வோர் ஒட்சிசனும் இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவாக இருப்பதால் அவை தொடர்ந்து இணைந்து வளையங்களாகவும் கூடுகளாகவும் உருவாகின்றன. இவ்வாறான 250 இற்கும் மேற்பட்ட சட்டக வகைகள் இன்று அறியப்பட்டுள்ளன.

அவற்றுள் Y என்ற ஆங்கில எழுத்தின் பெயரால் வழங்கும் 'வை' சியோலைற்றை எடுத்துக் கொள்வோம். அதன் பெரிய கூடு ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 1.3 நனோமீற்றர். கூட்டுக்குள் நுழையும் வாசல் ஏறத்தாழ 0.74 நனோமீற்றர். இதை மனதில் பதிக்க லயத்துக் காம்பராவை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே அளவான அறைகள் வரிசையாக இருக்கும், வாசலும் ஒரே அளவு. வாசலைவிடப் பெரிய பொருள் உள்ளே போகாது. ஒரு வேறுபாடு: லயத்துக் காம்பராவுக்கு முன்வாசல் ஒன்றுதான், இந்தக் கூட்டுக்கு நான்கு வாசல்கள். ஆகவே மூலக்கூறுகள் ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குத் தாராளமாகப் போய்வரலாம்.

(சில சலவைத் தூள்களிலும் ஒருவகைச் சியோலைற்று சேர்க்கப்படுகிறது. அது வன்னீரில் உள்ள கல்சியம் அயன்களைத் தன் துளைகளுக்குள் எடுத்துக்கொண்டு சோடியம் அயன்களை வெளிவிடும்.)

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சிலிக்கனின் வலுவளவு 4, அலுமினியத்தின் வலுவளவு 3. சட்டகத்தில் ஒரு சிலிக்கனின் இடத்தில் ஓர் அலுமினியம் வந்து அமர்ந்தால் அவ்விடத்தில் ஒரு மறை ஏற்றம் மிஞ்சுகிறது. அதைச் சமப்படுத்த ஒரு நேர் அயன் அருகே இருந்தாக வேண்டும். அது சோடியம் அயனாக இருக்கலாம். ஐதரசன் அயனாக இருந்தால் அவ்விடம் அமிலமாகத் தொழிற்படும். உரோடியம் போன்ற உலோகத்தின் நேர் அயனாகவும் இருக்கலாம். அலுமினியம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உலோக அணுவுக்கு இடம். அருகேயுள்ள இரண்டு ஒட்சிசன் அணுக்கள் அதனைப் பிணைத்துப் பிடித்துக்கொள்கின்றன. அலுமினியம் ஐதாக இருந்தால் உலோக அணுக்களும் ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருக்கும்.

இவை வெறும் ஊகம் அல்ல. 2010 இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று சக்திமிக்க இலத்திரன் நுணுக்குக்காட்டி மூலம் வை சியோலைற்றின் துளைகளுக்குள் இருந்த தனித்தனி இரிடியம் அணுக்களைப் படமெடுத்தது. இருண்ட பின்னணியில் ஒவ்வோர் அணுவும் ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரிந்தது.

4. ஓர் அணுவின் வேலை நேரம்

இப்போது எதீன் வாயுவையும் ஐதரசன் வாயுவையும் இச்சியோலைற்றின் ஊடாகச் செலுத்துவோம். நிகழக்கூடிய எளிய தாக்கம் வருமாறு:

எதீன் + ஐதரசன் → எதேன்

ஊக்கி இல்லாவிடின் இவ்விரு வாயுக்களும் அறை வெப்பநிலையில் கலந்தே இருக்கும். குறிப்பிடத்தக்க தாக்கம் நிகழாது. காரணம், ஐதரசன் மூலக்கூறின் பிணைப்பை முறிக்க மூலுக்கு 436 கிலோயூல் சக்தி வேண்டும். மோதும் மூலக்கூறுகளிடம் அவ்வளவு பெரிய ஏவற்சக்தி இல்லை.

உரோடியம் அணு இருக்கும்போது நிலைமை வேறு. முதலில் எதீன் மூலக்கூறு வாசல் வழியாக உள்ளே வந்து தன் இரட்டைப் பிணைப்பின் இலத்திரன்கள் மூலம் உரோடியத்தோடு இணைகிறது. ஐதரசன் மூலக்கூறும் அதே அணுவை அடைகிறது. அங்கே ஐதரசன்–ஐதரசன் பிணைப்பு ஒரே வீச்சில் முறிவதில்லை. அப்பிணைப்பு தளரத் தளர, உரோடியம்–ஐதரசன் பிணைப்புகள் உருவாகின்றன. ஒன்று முறிவதற்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியை மற்றொன்று உருவாவது ஈடுசெய்கிறது. ஏவற்சக்தி குறைவதன் இரகசியம் இதுவே. அடுத்து ஓர் ஐதரசன் அணு எதீனின் ஒரு காபனுக்கு மாறுகிறது. இப்போது உரோடியத்தில் தொங்குவது எதைல் கூட்டம். இரண்டாவது ஐதரசனும் மாறியதும் எதேன் உருவாகி அணுவை விட்டு விலகி வாசலால் வெளியேறுகிறது. உரோடியம் பழையபடி வெறுமையாக நிற்கிறது; அடுத்த எதீன் வந்துவிடுகிறது.

தாக்கத்தின் நடுவே எட்டிப் பார்த்தால் ஊக்கி தாக்கியோடு பிணைந்த நிலையில் இருக்கும். தொடக்கத்தையும் முடிவையும் மாத்திரம் பார்த்தால் அது மாறாதது போலத் தோன்றும். "பங்குபற்றாது" என்ற பிழையான வாக்கியம் இந்தத் தோற்றத்திலிருந்தே பிறக்கிறது.

'ஊக்கி ஏவற்சக்தியைக் குறைக்கும்' என்று சுருக்கமாக எழுதுவது ஏற்றுக்கொள்ளப்படும் விடைதான். ஆயினும் அதன் பொருளை விளங்கிக்கொள்ளுங்கள். ஊக்கி மலையை வெட்டித் தாழ்த்துவதில்லை. மலையுச்சியின் மேலால் ஏறாமல் கணவாய் வழியாகப் போகும் வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே தாக்கத்தின் வெப்பமாற்றம் ஊக்கியினால் மாறாது. பல்தேர்வு வினாக்களில் மாணவர்கள் சறுக்கும் இடம் இது.

5. ஓர் அணு செய்வதும் நாலைந்து அணுக்கள் செய்வதும்

தனி அணுவின் பயன் சிக்கனம் மாத்திரம் என்றால் கதை இவ்வளவோடு முடிந்திருக்கும். மேலும் ஒரு விடயம் உண்டு. எனக்கு இதுவே மிகச் சுவையானதாகத் தோன்றுகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பெட்ரோ சேர்னா, புரூஸ் கேற்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு ஊக்கிகளை ஒப்பிட்டனர். இரண்டிலும் உலோகம் உரோடியம்தான். இரண்டிலும் சட்டகம் அமில வகை வை சியோலைற்றுதான். வேறுபாடு ஒன்றே: ஒன்றில் உரோடியம் அணுக்கள் தனித்தனியே நின்றன, மற்றதில் சில அணுக்கள் சேர்ந்து மிகச் சிறிய திரள்களாக இருந்தன. எதீனையும் ஐதரசனையும் சேர்த்து அனுப்பியபோது திரள்கள் எதேனைத் தந்தன. தனி அணுக்களோ பியூட்டீனைத் தந்தன.

எதீன் + எதீன் → பியூட்டீன்

எதீனில் காபன் அணுக்கள் 2, பியூட்டீனில் 4. சார் மூலக்கூற்றுத் திணிவு 28 + 28 = 56 எனச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். திரளில் பக்கத்துப் பக்கத்தில் உலோக அணுக்கள் இருப்பதால் ஐதரசன் மூலக்கூறு இலகுவாகப் பிரிந்து எதீனோடு சேர்ந்துவிடுகிறது. தனி அணுவில் அவ்வசதி குறைவு. அதேவேளை அருகே சியோலைற்றின் அமில ஐதரசன் இருக்கிறது. உரோடியம் அணுவும் அந்த அமில இடமும் கூட்டாக வேலை செய்து இரண்டு எதீன் மூலக்கூறுகளைக் காபன்–காபன் பிணைப்பால் இணைக்கின்றன.

ஆகவே ஊக்கி எது என்று கேட்டால் 'உரோடியம்' என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. எத்தனை அணுக்கள் சேர்ந்திருக்கின்றன, அவற்றைச் சூழ என்ன இருக்கிறது என்பவையும் அந்த விடையின் பகுதிகளே. 'தனி அணு ஊக்கல்' என்ற பெயரும் அதே 2011 இல் சீன ஆய்வாளர்கள் இரும்பு ஒட்சைட்டின் மேல் தனித்தனியே வைத்த பிளாற்றினம் அணுக்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் பின்னரே பரவலானது.

நமது அயலிலும் சியோலைற்று ஆய்வுக்கு நல்ல வரலாறு உண்டு. சென்னை லொயோலாக் கல்லூரியில் ஆய்வுப் பட்டம் பெற்ற பால் இரத்தினசாமியும் அவரது குழுவினரும் பூனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் 'என்சிலைற்று' எனும் சியோலைற்று ஊக்கிகளை உருவாக்கினர். அவை 1985 முதல் பரோடாவில் சைலீன் எனும் ஐதரோகாபனைப் பொலியெஸ்ரர் நூல் தயாரிப்புக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றப் பயன்பட்டன. அங்கே வாசலின் அளவே முக்கிய வேலை செய்தது: ஒடுங்கிய வடிவ மூலக்கூறு இலகுவாக வெளியேறும், அகன்றது தாமதிக்கும்.

6. மெதேன்: இன்னும் முடியாத வேலை

ஐதரோகாபன்களில் மிக எளியது மெதேன். தாக்கத்துக்கு இலகுவில் இணங்காததும் அதுவே. எண்ணெய்க் கிணறுகளில் வெளிவரும் மெதேனைக் கொண்டுசெல்லச் செலவு அதிகம் என்பதால் பல இடங்களில் அதை அங்கேயே எரித்துவிடுகிறார்கள். எரிக்காமல் விட்டால் அது காபனீரொட்சைட்டைவிட வலிமையான பச்சைவீட்டு வாயு. அதனைத் திரவமான மெதனோலாக மாற்ற முடிந்தால் கொள்கலனில் ஏற்றி அனுப்பலாம்.

2016 இல் பெல்ஜியத்தையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சியோலைற்றுக்குள் உள்ள தனி இரும்பு அணு ஒன்றே இதைச் செய்யும் இடம் என இனங்கண்டனர். நான்கு ஒட்சிசன் அணுக்களால் பிடிக்கப்பட்ட அவ்விரும்பு, நைதரசு ஒட்சைட்டிலிருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பெற்றுக்கொள்கிறது. பின்னர் அதை அறை வெப்பநிலையிலேயே மெதேனுக்குக் கொடுத்து மெதனோலாக்குகிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் உண்டான மெதனோலின் பெரும்பகுதி வெளியேறாமல் சியோலைற்றுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுத்த பின்னரே இரும்பு அணு அடுத்த சுற்றுக்குத் தயாராகும். கீழே உள்ள மூன்றாம் வினா இதைப் பற்றியது.

பயிற்சி வினாக்கள்

(1) ஒரு பக்கத்தில் 5 அணுக்களைக் கொண்ட சதுரமுகி வடிவ உலோகத் துணிக்கையில் மேற்பரப்பில் உள்ள அணுக்களின் சதவீதம் யாது?

(2) சியோலைற்று மாதிரியொன்றில் 0.0103 கிராம் உரோடியம் தனி அணுக்களாக உள்ளது. உரோடியத்தின் சார் அணுத்திணிவு 103 எனின், தாக்கத்துக்குக் கிடைக்கும் உரோடியம் அணுக்கள் எத்தனை?

(3) "மெதேனை மெதனோலாக்கும் இரும்பு–சியோலைற்றை முழுமையான ஊக்கி எனக் கூற முடியாது." இக்கூற்றை ஆராய்க.

(4) உரோடியம் தனி அணுக்கள் கொண்ட சியோலைற்றை அதிக ஐதரசனில் வெப்பமேற்றிய பின் எதீனையும் ஐதரசனையும் அனுப்பியபோது எதேனின் அளவு முன்னரைவிட அதிகரித்தது. காரணம் என்னவாக இருக்கலாம்?

விடைக் குறிப்புகள்

(1) மொத்தம் 125; உள்ளே 3 × 3 × 3 = 27; மேற்பரப்பில் 98. எனவே 78.4%.

(2) மூல்களின் எண்ணிக்கை 0.0103 ÷ 103 = 0.0001. அணுக்கள் 0.0001 × 6.022 × 10²³ = 6.022 × 10¹⁹. அணுக்கள் யாவும் தனித்திருப்பதால் மேற்பரப்புச் சதவீதத்தால் பெருக்க வேண்டியதில்லை.

(3) ஊக்கி தாக்கத்தில் பங்குபற்றி, விளைவை விடுவித்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இங்கே பங்குபற்றல் உண்டு. விளைவு தானாக விலகாததால் அணு மீண்டும் வெறுமையாவதில்லை; சுற்று நடுவழியில் நிற்கிறது. "இரும்பு செலவாகிவிட்டது" என எழுதினால் புள்ளி இல்லை. இரும்பு அங்கேயேதான் இருக்கிறது.

(4) தனி அணுக்கள் நகர்ந்து திரண்டிருக்கலாம். திரள்களில் ஐதரசன் இலகுவாகப் பிரிவதால் எதேன் கூடும். "உரோடியம் ஆவியாகிவிட்டது" என்ற விடை பொருந்தாது. உலோகம் இல்லாவிடின் எதேனும் கூடியிருக்காது.